பூஜை போட்ட காருக்கு வந்த வரி

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. தங்கை போன பிறகு அவள் பிள்ளைகள் இரண்டும் என் அடுப்பில் பொங்கிய சோற்றைச் சாப்பிட்டுத்தான் ஆளானார்கள். அந்த ஆறு பேரில் ஒருவரிடமும் இன்றுவரை நான் கை நீட்டியதில்லை. கண்ணுக்கு விடும் மருந்துகூட என் காசுதான். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். அடுத்துச் சொல்லப்போவது நான் புத்தி கெட்டு நடந்த சங்கதி. அதை மட்டும் கேட்டுவிட்டு யாரும் என்னை எடை போட்டுவிடக் கூடாது.

மூன்றாவது மகள் கிள்ளான் பக்கம் பண்டமாரானில் என்னோடு இருக்கிறாள், அவளும் அவள் பெண்ணும். மகளுக்கு மேரு என்ற இடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. காலை ஏழு மணிக்கு ஷிப்ட். பதினோரு வருடமாகத் தொழிற்சாலைப் பேருந்து எங்கள் அடுக்குமாடி வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போனது. இரண்டு மாதத்தில் அந்தப் பேருந்து நிற்கும், அவரவர் வழியை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒருநாள் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். இங்கிருந்து மேருவுக்கு டவுன் பஸ்ஸில் போனால் இரண்டு பஸ் மாற வேண்டும். ஏழு மணிக்குள் போய்ச் சேர முடியாது. வாடகைக் காரில் தினமும் போனால் சம்பளத்தில் பாதி அதற்கே சரியாகிவிடும். மகளிடம் லைசன்ஸ் இருக்கிறது. கார்தான் இல்லை. அவள் வீட்டுக்காரர் பிரிந்து போனபோது காரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"வேலைய விட்டுடலாம்னு பாக்கறேன்மா," என்றாள் ஒருநாள், கீரை ஆய்ந்துகொண்டே. முகத்தை நிமிர்த்தாமல் சொன்னாள். நாற்பதைத் தாண்டியவள் வேலையை விட்டால் இன்னொரு வேலை எங்கே கிடைக்கும்? அவள் பெண் இன்னும் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள்.

நானும் கூட உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பெண்கள் விடுதியில் இருபது வருடம் சமைத்தவள் நான். அந்தக் காசு பேங்கில் கிடக்கிறது. என் காரியத்துக்கு என்று வைத்திருந்தேன். காரியத்தை யாராவது செய்வார்கள், வேலை போனால் யார் தருவார்கள்?

கிள்ளானில் பெரிய சாலை ஓரம் ஒரு பழைய கார் கடை இருக்கிறது. கடைக்காரன் நம் ஆள், நாற்பது வயது இருக்கும், நெற்றியில் விபூதி. மகளிடம் சொல்லாமல் நான் மட்டும் போனேன். சொன்னால் வேண்டாம் என்பாள், அல்லது அண்ணன்களைக் கேட்போம் என்பாள். இரண்டும் எனக்குப் பிடிக்காது.

வெள்ளைக் கார் ஒன்றைக் காட்டினான். உள்ளூர்த் தயாரிப்பு. புதிதாகப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நின்றது. மற்றக் கார்களைவிட விலை குறைவு. முன்னும் பின்னும் நம்பர் பலகை இல்லை.

"நம்பர் எங்கப்பா?"

"பேர் மாத்தும்போது புது நம்பர் வந்துரும் ஆன்டி. காடிய பாருங்க, வயசு அஞ்சுகூட ஆகல. இஞ்சின் சத்தம் கேளுங்க, பூனை மாதிரி."

எனக்கு இஞ்சின் சத்தம் எதுவும் தெரியாது. ஆனாலும் தலையைச் சாய்த்துக் கேட்டேன். பிறகு எனக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டேன். என் பெரிய மகன் புதுக் கார் வாங்கியபோது விற்பனை வரி, விற்பனை வரி என்று ஒரு வாரம் புலம்பினான்.

"இதுக்கு விற்பனை வரி எவ்ளோ?"

கடைக்காரன் சிரித்தான். "ஆன்டி விவரமா இருக்கீங்க. அது புதுக் காடிக்குத்தான். ஃபேக்டரிய விட்டு வெளிய வரும்போதே ஒரு தடவ வாங்கிருவாங்க, விலையோட சேந்துரும். பழைய காடிய கைமாத்தும்போது மறுபடி யாரும் கேக்க மாட்டாங்க லா. இன்சூரன்ஸுக்கு மட்டும் சேவை வரின்னு கொஞ்சம் போடுவாங்க. அப்புறம் இன்ஸ்பெக்ஷன் செலவு, பேர் மாத்தற செலவு. அவ்ளோதான்."

அவன் சொன்னதில் பொய் இல்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். பழைய கார்களுக்கு வழக்கம் அதுதான். அந்த வெள்ளைக் கார் எப்படிப்பட்ட கார் என்பதைத்தான் அவன் சொல்லவில்லை.

முன்பணமாக விலையில் பாதியைக் கொடுத்தேன், மீதி பேர் மாறும்போது. ஒரு தாளை நீட்டினான். முழுக்க மலாய் எழுத்து, பொடிப் பொடியாக. "படிச்சுப் பாத்து ஒரு சைன் போடுங்க ஆன்டி." எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். கோயில் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை அளவுக்கு. மலாய் வாயில் தண்ணீர் மாதிரி வரும், தாளில் வராது. அதை அவனிடம் சொல்வேனா? கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். தாளை மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தேன். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தி, தலையாட்டி, மறுபடி பார்த்தேன். படிப்பவர்கள் அப்படித்தான் செய்வார்கள். பிறகு என் பெயரைத் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நல்ல நாள். பெயர் மாறுவதற்கு முன்பே கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட வேண்டும் என்றேன். எங்கள் வீட்டில் எந்த வண்டியும் பூஜை போடாமல் வாசலுக்கு வந்ததில்லை. கடைக்காரன் தடை சொல்லவில்லை. கடையின் தற்காலிக நம்பரை மாட்டி அவன் ஆளே காரைக் கோயிலுக்கு ஓட்டி வந்தான். மாலைகூட அவன் வாங்கிக் கொடுத்தது. அன்றைக்குத்தான் மகளிடம் சொன்னேன். வேலை விட்டு வந்தவளை நேரே கோயிலுக்கு வரச் சொன்னேன்.

அவள் காரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "யார் காடிம்மா இது?"

"உன்னோடதுதான். போய் உக்காரு."

அவள் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். அவள் அழுதுவிட்டாள். எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. பிறகு இன்ஸ்பெக்ஷனுக்குப் போக வேண்டும் என்று கடை ஆள் காரை எடுத்துக்கொண்டு போனான்.

ஒரு வாரம் கழித்துக் கடைக்காரன் போன் செய்தான்.

"ஆன்டி, ஒரு சின்ன விஷயம். இந்தக் காடிக்கு விற்பனை வரி கேக்கறாங்க, கஸ்தாம்ல." சுங்கத்துறையை நாங்கள் கஸ்தாம் என்றும், ரிங்கிட்டை வெள்ளி என்றும்தான் சொல்வோம். "மூவாயிரத்துச் சொச்சம் வெள்ளி. கட்டுனாத்தான் பேர் மாத்த முடியும்."

எனக்குக் காது அடைத்தது. "பழசுக்கு வரி இல்லன்னியேப்பா?"

"இது கொஞ்சம் வேற மாதிரி கேஸ் ஆன்டி. நீங்க சைன் போட்ட பேப்பர்லயே இருக்கே, வரி வந்தா வாங்கறவங்க கட்டணும்னு. படிச்சுட்டுத்தானே போட்டீங்க?"

படித்துவிட்டுத்தான் போட்டேன் என்று நான்தான் அவனை நம்ப வைத்திருந்தேன். அவ்வளவு பணம் என்னிடம் இல்லை, காடி வேண்டாம், முன்பணத்தைத் திருப்பிக் கொடு என்று இழுத்தேன்.

அவன் குரலை இறக்கிப் பேசினான். "ஆன்டி, நீங்க பெரியவங்க. சாமிகிட்ட காட்டி, மகள் பேர்ல அர்ச்சனை பண்ணி, எலுமிச்சம்பழம் நசுக்கினப்புறம் வேணாம்னு சொல்லலாமா? நாளைக்கு அந்தப் பிள்ள வேற காடில போகும்போது ஒண்ணுன்னா... நான் சொல்லக் கூடாது. நீங்களே யோசிங்க."

யோசித்தேன். யோசித்து யோசித்துச் சோறு இறங்கவில்லை. காலையில் மகள் அந்தத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறுவதை மேல்மாடியிலிருந்து பார்ப்பேன். பேருந்து நிற்க இன்னும் ஐந்து வாரம்தான். வரியைக் கட்ட வேண்டுமானால் கழுத்தில் கிடப்பதை விற்க வேண்டும். கட்டாவிட்டால் காரும் இல்லை, முன்பணமும் போகும். காரை வேண்டாம் என்று தள்ளினால் சாமி குற்றம் மகள் தலையில். சாலையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடினேன். "ஏம்மா சாப்பிடல?" என்று மகள் கேட்டாள். பல்வலி என்றேன். மகன்களுக்குப் போன் செய்ய இரண்டு தடவை போனை எடுத்தேன். எடுத்த கையோடு வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. வரி கேட்பவர்கள் கஸ்தாம். அவர்களிடமே போய்த் தவணையாகக் கட்ட முடியுமா என்று கேட்டால் என்ன? அந்தத் தாளை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனேன்.

கவுன்டரில் முக்காடு போட்ட மலாய்ப் பெண் ஒருத்தி. என் பேத்தியைவிடக் கொஞ்சம் பெரியவள். மலாயில்தான் பேசினோம், அதை என் வாய்க்கு வரும் தமிழில் சொல்கிறேன். அத்தை என்பதற்கு அவர்கள் சொல்லும் மக்சிக்கை மட்டும் அப்படியே விடுகிறேன்.

"மக்சிக், பேப்பர்ல என்ன எழுதியிருக்குன்னு பாத்தீங்களா?"

"கண்ணாடி கொண்டு வரல."

கண்ணாடி என் கழுத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். தாளைக் கவுன்டர் மேல் விரித்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்து, சத்தமாக, மெதுவாகப் படித்தாள். எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். அவள் அவசரப்படவில்லை. மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"மக்சிக், இது டெக்சி."

டெக்சியாக, வாடகைக்கு ஓடிய கார். மேலே வெள்ளைப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். நம்பர் பலகை இல்லாததற்கும் காரணம் அதுதான். டெக்சி நம்பரோடு சொந்த உபயோகத்துக்கு ஓட்ட முடியாது. அவள் எனக்கு விளக்கினாள். சாதாரணக் கார் ஃபேக்டரியிலிருந்து வெளியே வரும்போதே விற்பனை வரி கட்டியாகிவிடும், அதனால் பழைய காருக்கு மறுபடி இல்லை. ஆனால் டெக்சிக்காரர் பிழைப்புக்கு வாங்குகிறார் என்று அரசாங்கம் அந்த வரியை விட்டுக்கொடுக்கிறது. அதை ஒரு டெக்சிக்காரர் சொந்த உபயோகத்துக்கு என்று வேறு ஒருவருக்கு விற்றால், விட்டுக்கொடுத்த வரி திரும்ப வரும். குறிப்பிட்ட வருடம் டெக்சியாக வைத்திருந்த பிறகு விற்றால், அவர் மனுப் போட்டு விலக்கு வாங்கலாம்.

"இந்தக் காடிக்கு அந்த வருஷம் எப்ப முடியுது?" என்று கேட்டேன்.

அவள் தாளில் பதிவுத் தேதியைப் பார்த்தாள், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். "இன்னும் எட்டு வாரம்."

"அப்ப எட்டு வாரம் கழிச்சு பேர் மாத்தினா?"

"மனு ஒத்துக்கிட்டா வரி இல்ல. இப்ப மாத்தினா வரி உண்டு. அதையும் விலக்கு வாங்கினவர்தான் இங்க வந்து கட்டணும். கட்டினா ரசீது குடுப்போம். ரசீது இல்லாம யார்கிட்டயும் பணம் குடுக்காதீங்க மக்சிக்."

பஸ் ஸ்டாப்பில் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. கடைக்காரனுக்கு அந்த எட்டு வாரக் கணக்கு தெரியாமலா இருக்கும்? என்னிடம் வரி என்று வாங்கிக்கொண்டு, இன்ஸ்பெக்ஷன், அப்பாயின்ட்மென்ட் என்று இழுத்தடித்து, எட்டு வாரம் கழித்துப் பேரை மாற்றினால், அந்த மூவாயிரம் யாருக்கும் போகாது. அவன் சட்டைப் பைக்குள் போகும். நாம் நினைப்பது தப்பாகவும் இருக்குமோ என்று பயமும் வந்தது. விபூதி வைத்த மனிதன் மேல் வீண் பழி போடலாமா?

அன்று சாயங்காலம் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கார் டெக்சி என்று சொல்வது கஷ்டமாக இல்லை. தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்லத்தான் நாக்கு எழவில்லை. அவள் அந்தத் தாளை வாங்கி முழுக்கப் படித்தாள்.

"ஏம்மா, என்னைக் கூப்பிட்டிருந்தா நான் படிச்சிருப்பேனே?"

"கூப்பிட்டா நீ வேணாம்னு சொல்லுவே."

"ஆமா, வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்." கோபத்தில் சொன்னாள். உடனே அவளே சிரித்துவிட்டாள். "பல்வலின்னீங்களே, அதாவது நிஜமா?"

"பல்லே நாலுதான் இருக்கு. அதுல எது வலிக்கும்?"

சனிக்கிழமை இரண்டு பேரும் கடைக்குப் போனோம். கடைக்காரன் நாற்காலி போட்டான், குடிக்கத் தண்ணீர் கொடுத்தான். நான் தண்ணீரைத் தொடவில்லை.

"வரிய கட்டறேன்," என்றேன். "கஸ்தாம் ரசீது காட்டு."

"அது ஏஜென்ட் மூலமா போகுது ஆன்டி. ரசீதெல்லாம் அப்புறம் வரும்."

"ஏஜென்ட் யாரு? இப்பவே கூப்பிடு. நான் அந்த கவுன்டர் வரைக்கும் போய்ட்டுத்தான் வரேன். அந்தப் பொண்ணு எனக்கு பேப்பர படிச்சே காட்டிருச்சு."

அவன் மகளைப் பார்த்தான். சிரிக்கப் பார்த்தான். "என்ன ஆன்டி, கஸ்தாம்ல வேலைக்குச் சேந்துட்டீங்களா?"

"எழுபத்திரண்டு வயசுக்கு வேலை தருவாங்களான்னு நீயே கேட்டுச் சொல்லு, சேந்துக்கறேன். இப்ப நான் கேட்டதுக்கு பதில் சொல்லு. இது டெக்சின்னு ஏன் சொல்லல?"

"விலை ஏன் கம்மின்னு நீங்களும் கேக்கலியே ஆன்டி."

அது உண்மைதான். எனக்குச் சுருக்கென்றது. மகள் வாயைத் திறந்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"முன்பணத்தத் திருப்பிக் குடு," என்றேன். "காடி வேணாம்."

"பூஜை போட்ட காடி ஆன்டி..."

என் நெஞ்சு அடித்துக்கொண்டது அந்த மேஜை வரைக்கும் கேட்டிருக்கும். இத்தனை நாளாக என்னைத் தின்றது அந்தப் பேச்சுதான். பக்கத்தில் மகள் உட்கார்ந்திருக்கிறாள், அவள் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்தது நான். சரி என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. நகையைக் கழற்றி அந்த மேஜை மேல் வைத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும்.

"சாமிகிட்ட நான் பேசிக்கறேன்," என்றேன். "அது எனக்கும் அதுக்கும் உள்ள விஷயம். நீ பணத்த எடு."

அவன் பணத்தை எடுக்கவில்லை. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுப்பது அவனுக்கு அந்த மூவாயிரத்தை இழப்பதைவிடக் கசப்பு என்று அப்போது கண்டேன். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான், பேனாவைத் தட்டினான். கடைசியில், எட்டு வாரம் பொறுத்தால் வரி இல்லாமல் பேரை மாற்றித் தருகிறேன், டெக்சிக்காரரை வைத்து மனுவும் போடுகிறேன் என்றான்.

"அத எழுதிக் குடுங்க," என்றாள் மகள். "விலக்கு கெடைக்கலன்னா முழுப் பணமும் திரும்ப வரணும். அதையும் எழுதுங்க."

அவன் எழுதினான். மகள் அந்தத் தாளை வாங்கி, எனக்குக் கேட்கிறமாதிரி, மலாயில் ஒரு தடவையும் தமிழில் ஒரு தடவையும் படித்தாள். கடைக்காரன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "வயசான காலத்துல கண்ணு சரியா தெரியாதுல்ல," என்றான் சும்மா ஒரு பேச்சுக்கு. "கண்ணு நல்லாத்தான் தெரியும். எனக்கு அந்த எழுத்துப் படிக்கத் தெரியாது," என்றேன். வாய்விட்டு ஒரு வெளியாளிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு முகம் சுட்டது. ஆனால் பேனாவை வாங்கி நிதானமாகக் கையெழுத்துப் போட்டேன்.

பேருந்து நின்றுபோனது. நடுவில் மூன்று வாரம் மகள் தன்னோடு வேலை செய்யும் ஒருத்தியின் காரில் போனாள். பெட்ரோலுக்குப் பங்கு கொடுத்தாள். அந்தப் பெண் இரண்டு நாள் லீவு எடுத்தபோது வாடகைக் காரில் போய் ஒருநாள் கால்மணி நேரம் தாமதமாகிவிட்டது, எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டச் சொன்னேன். இன்னொரு கடிதம் வந்தால் வேலை போகும் என்று அதில் இருந்தது. அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு நான் வாசலில் நிற்கிறேன், அந்தப் பெண்ணின் கார் திரும்பும் மூலையைப் பார்த்துக்கொண்டு.

விலக்கு கிடைத்துவிட்டது, கடிதம் வந்துவிட்டது என்று கடைக்காரன் முந்தாநாள் போன் செய்தான். நாளைக் காலை பத்து மணிக்குப் பெயர் மாற்றும் கவுன்டரில், தாளில் கையெழுத்துப் போட்டவள் என்பதால், நான் ரேகைக் கருவி மேல் கட்டைவிரல் வைக்க வேண்டும். மகள் அரைநாள் லீவு போட்டிருக்கிறாள். அவன் வருவானா, டெக்சிக்காரரை அழைத்து வருவானா, கடிதத்தில் உண்மையாகவே விலக்கு என்றுதான் இருக்கிறதா, எனக்குத் தெரியாது. சாமியிடம் பேசிவிட்டேன். அது என்ன நினைக்கிறது என்பதும் தெரியாது.

பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினது போதும். நாளைக்கு அந்தக் கடிதத்தை உங்கம்மா படிச்ச பிறகுதான் என் விரல் அந்தக் கருவி மேல படும். அதுக்கு முன்னால, இன்னிக்கு நான் சொன்னதத்தான் நீ எழுதியிருக்கியா, எதையாவது விட்டுட்டியா, அழகா இருக்கட்டும்னு எதையாவது சேத்துட்டியான்னு எனக்குத் தெரியணும். உக்காரு. முதல் வரியிலிருந்து படி, சத்தமாப் படி. நான் கேக்கறேன்.